எனாமல் கம்பியின் மின்காப்புப் பழுது: சர்ஜ் சோதனையில் விழுந்த ஸ்டேட்டர்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

பழுதின் தோற்றம்

வேகத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் ஓடவேண்டிய மூன்று பேஸ் மோட்டார்களின் ஸ்டேட்டர்கள் (சுருள்கள் அமர்ந்த அசையாப் பகுதிகள்) சில, வார்னிஷ் ஏற்றுவதற்கு முன்பே, திடீர் மின்னழுத்தத் துடிப்பு தரும் சர்ஜ் சோதனையில் நிராகரிக்கப்படத் தொடங்கின. வார்னிஷில் முக்கி அடுப்பில் உலர்த்திய பிறகு செய்யப்படும் இரண்டாவது சர்ஜ் சோதனையில், முதல் சோதனையைத் தாண்டி வந்தவற்றிலும் மேலும் சில விழுந்தன. அதே ஸ்டேட்டர்கள் மற்ற எல்லாச் சோதனைகளிலும் தேறியிருந்தன. காப்புத் தடையை அளக்கும் மெகரில் சுருளுக்கும் இரும்புக்கும் இடையே நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டியது; விதித்த வோல்டேஜின் இரு மடங்குடன் 1000 வோல்ட்டைக் கூட்டி ஒரு நிமிடம் தரப்படும் ஹைபாட் (உயர் மின்னழுத்த) சோதனையில் கசிவு மின்னோட்டம் உயரவே இல்லை; மூன்று பேஸ்களின் மின்தடையும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தது.

இதில் முரண்பாடு ஏதுமில்லை. மெகரும் ஹைபாட்டும் சோதிப்பது செம்புக்கும் இரும்புக்கும் இடையே உள்ள காப்பை மட்டுமே. அப்போது சுருள் முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், அடுத்தடுத்து கிடக்கும் இரண்டு சுற்றுகளுக்கு இடையே அவை எந்த அழுத்தத்தையும் ஏற்றுவதில்லை. பேஸ் தடையை அளக்கும் கருவியோ மிகக் குறைந்த வோல்டேஜில் வேலை செய்கிறது. கம்பியின் மேல் பூசிய காப்பான எனாமல் உரிந்த இரண்டு புள்ளிகள் நேருக்கு நேர் கிடந்தாலும், அவற்றுக்கிடையே சில மைக்ரோமீட்டர் காற்று இருக்கும் வரை அந்தக் கருவிக்கு எல்லாம் சரியாகவே தெரியும். காற்று இடைவெளி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஏறத்தாழ 330 வோல்ட்டுக்குக் கீழே அதில் பொறி தாவாது என்பது பாஷன் விதி தரும் எல்லை. சர்ஜ் சோதனையில், மின்னேற்றிய மின்தேக்கி ஒன்று சுருளுக்குள் திடீரென இறக்கப்படுகிறது. அலைமுகம் செங்குத்தாக இருப்பதால் அழுத்தத்தின் பெரும்பங்கு முதல் சில சுற்றுகளின் மேல் விழுகிறது. எங்காவது பொறி தாவிச் சுற்றுகள் குறுக்கிணைந்தால் சுருளின் தூண்டம் (இண்டக்டன்ஸ்) குறைகிறது, அலைவின் அதிர்வெண் உயர்கிறது, திரையில் ஒரு பேஸின் அலை மற்ற இரண்டோடு பொருந்தாமல் நெருங்கி விடுகிறது. எங்கள் திரையில் தெரிந்தது இதுதான்.

ஆகவே பழுது சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில், அதாவது கம்பியின் எனாமலில்தான் இருந்தது. அது கம்பி வந்த ஸ்பூலிலேயே இருந்ததா, வைண்டிங் எந்திரத்தில் ஏற்பட்டதா, வார்னிஷ் தொட்டியில் ஏற்பட்டதா என்பதைப் பிரித்தறிவதே ஆய்வின் நோக்கமாயிற்று. உற்பத்திப் பிரிவு கம்பியைக் குறை சொன்னது, கம்பி தந்தவர்கள் தேர்ச்சிச் சான்றிதழை நீட்டினார்கள். இத்தகைய நிகழ்வுகளில் இது எப்போதும் நடப்பதுதான்.

ஸ்பூலில் இருந்த கம்பி

பயன்பட்ட கம்பி 0.50 மி.மீ. விட்டமுள்ள செம்பு, கீழ்ப்பூச்சு பாலியெஸ்டர்-இமைடு, மேற்பூச்சு பாலிஅமைடு-இமைடு, பூச்சின் தடிமன் வகை கிரேடு 2. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலையான ஐ.இ.சி. 60317 இந்த அளவுக்குக் கேட்பது, எனாமலால் விட்டம் குறைந்தது 0.045 மி.மீ. கூடவேண்டும், மொத்த விட்டம் 0.566 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது என்பதாகும். ஒரு பக்கத்துப் பூச்சின் தடிமன் தோராயமாக 25 முதல் 30 மைக்ரோமீட்டர் மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் கீறல் எவ்வளவு ஆழமாக இருந்தால் போதும் என்பது புரியும்.

ஒதுக்கி வைத்த ஸ்பூல்களின் மேலடுக்கை நீக்கிவிட்டு மாதிரிகள் எடுக்கப்பட்டு, ஐ.இ.சி. 60851-இன் ஐந்தாம் பகுதியில் உள்ள மின்சோதனைகள் செய்யப்பட்டன. முதலாவது முறுக்கிணைச் சோதனை. கம்பியை இரண்டாக மடித்து, 3.4 நியூட்டன் இழுவிசையில் 125 மி.மீ. நீளத்துக்கு 16 முறுக்குகள் ஏற்றி, மடிப்பை வெட்டிவிட்டு, இரு கம்பிகளுக்கும் இடையே மாறுதிசை வோல்டேஜை உடையும் வரை உயர்த்த வேண்டும். இந்த அளவுக்கும் கிரேடுக்கும் வரையறுத்த குறைந்த அளவு 4600 வோல்ட். எங்கள் மாதிரிகள் அனைத்தும் அதற்கு வெகு மேலேதான் உடைந்தன. ஆனால் இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது அவசரம்: ஒரு முறுக்கிணை சோதிப்பது கால் மீட்டர் கம்பியை மட்டுமே. சில மீட்டருக்கு ஒருமுறை வரும் பழுதை ஐந்து முறுக்கிணைகள் சந்திக்காமலே போகலாம். பூச்சின் தரம் எப்படி என்பதை இது சொல்லும். பூச்சு எல்லா இடத்திலும் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்லவேண்டியது தொடர்ச்சிச் சோதனை. கம்பியின் செம்பை எர்த்துடன் இணைத்து, கம்பியைப் பள்ளமுள்ள எஃகுக் கப்பி ஒன்றின் மேல் விநாடிக்கு 275 மி.மீ. வேகத்தில் 30 மீட்டர் நீளத்துக்கு ஓடவிட்டு, அந்தக் கப்பிக்கு நேர்மின் வோல்டேஜ் தரப்படுகிறது. இந்த விட்டத்துக்கும் கிரேடுக்கும் அது 1000 வோல்ட். எனாமல் விட்டுப்போன இடம் கப்பியைத் தொடும்போது மைக்ரோஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாய, எண்ணும் கருவியான எண்ணி ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது. ஸ்பூல் கம்பியில் எண்ணி அனுமதித்த வரம்புக்குள்ளேயே நின்றது. பூச்சு சரியாகச் சுடப்பட்டதா என்பதைக் காட்டும் டேன் டெல்டா வளைகோட்டிலும் வேறுபாடு இல்லை. ஸ்பூலில் இருந்த வரை கம்பி நன்றாகவே இருந்தது.

162 மில்லிமீட்டர்

அடுத்து, வைண்டிங் எந்திரத்தின் வழியாகச் சென்ற கம்பியைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஸ்டேட்டர் இரும்பின் பள்ளங்களான காடிகளுக்குள் செருகிய சுருளிலிருந்து கம்பியை உருவினால், உருவும்போதே இரும்பின் விளிம்பு எனாமலைக் கீறிவிடும். அப்படி எடுத்த மாதிரியில் காணும் பழுது எப்போது வந்தது என்று யாராலும் சொல்லமுடியாது. எனவே வழக்கமான வேகத்திலும் இழுவையிலும் சுருளைச் சுற்றி, காடியில் செருகுவதற்கு முன்பே அச்சிலிருந்து கழற்றி, கையால் மெதுவாகப் பிரித்து, வழவழப்பான பெரிய உருளை ஒன்றில் ஏற்றிக்கொண்டோம். இந்தப் பிரிக்கும் வேலையே புதிய கீறல்களை உண்டாக்குகிறதா என்று அறிய, ஸ்பூலிலிருந்து நேராக எடுத்த கம்பியையும் அதே முறையில் கையால் சுற்றிப் பிரித்துச் சோதித்தோம். அதில் எண்ணிக்கை கூடவில்லை.

எந்திரத்தில் சுற்றிய கம்பியிலோ எண்ணி நிற்காமல் ஓடியது. எண்ணியைப் பார்த்து எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, தேறவில்லை என்று முத்திரை இட்டிருந்தால் ஆய்வு அங்கேயே நின்றிருக்கும். பெரும்பாலான ஆய்வகங்களில் இந்தச் சோதனையிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுவது அந்த ஒற்றை எண் மட்டுமே. 30 மீட்டருக்கு எத்தனை என்று தெரிகிறதே தவிர, எங்கெங்கே என்று தெரிவதில்லை. நாங்கள் எண்ணிக்குப் போகும் துடிப்பை ஒரு பட்டைத்தாள் பதிவுக்கருவிக்கும் கொடுத்தோம். கம்பியின் வேகம் மாறாததால், தாளில் இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள நேரம் அப்படியே கம்பியில் இரண்டு பழுதுகளுக்கு இடையே உள்ள தூரமாகிறது.

தாளில் கோடுகள் சிதறிக் கிடக்கவில்லை. ஏறத்தாழ 0.59 விநாடிக்கு ஒன்று, அல்லது அதன் இரு மடங்குக்கு ஒன்று, மும்மடங்குக்கு ஒன்று என்று அவை வரிசையாக விழுந்திருந்தன. தூரமாக மாற்றினால் 162 மி.மீ., 324 மி.மீ., 486 மி.மீ. தாமிரக் கம்பி இழுக்கும் அச்சில் வரும் செதில்களோ, பூச்சு அடுப்பில் வரும் கொப்புளங்களோ இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. சுழலும் ஏதோ ஒன்று, ஒரு சுழற்சிக்கு ஒருமுறை கம்பியைக் காயப்படுத்துகிறது. சில சுழற்சிகளில் தவறவும் விடுகிறது.

எந்திரத்தில் மூன்று அளவுகளில் கப்பிகள் இருந்தன. பள்ளத்தின் அடியில் 50 மி.மீ. விட்டமுள்ள கப்பியில், கம்பியின் மையம் செல்லும் வட்டத்தின் விட்டம் கம்பித் தடிமனையும் சேர்த்து 50.56 மி.மீ.; அதன் சுற்றளவு 158.8 மி.மீ. அடுத்த அளவான 60 மி.மீ. கப்பிக்கோ சுற்றளவு 190 மி.மீ.-ஐத் தொட்டுவிடும். எனவே 50 மி.மீ. கப்பிகளைக் கழற்றிப் பார்த்தோம். கம்பியின் இழுவையைக் கட்டுப்படுத்தும் பிரேக்கை அடுத்து இருந்த பீங்கான் கப்பியின் பள்ளத்தில் நகத்தால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. பஞ்சை நூலாகத் திரித்துப் பள்ளத்தில் சுற்றி இழுத்தபோது, ஒரே ஓர் இடத்தில் மட்டும் இழைகள் சிக்கி நின்றன. உருப்பெருக்கியில் அங்கே அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு பொத்தல் விளிம்பும், அதன் ஓரத்தில் செம்பு நிறக் கறையும் தெரிந்தன.

கம்பியில் இருந்த காயங்களும் இதற்குப் பொருந்தின. ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர் நீளமான கீறல். அடியில் செம்பு பளிச்சென்று தெரிய, உரிந்த எனாமல் ஸ்பூல் இருந்த பக்கத்து முனையில் சுருண்டு குவிந்திருந்தது. கம்பி முன்னால் ஓட, கப்பி பின்தங்கியிருந்தால்தான் உரிந்தது அந்தப் பக்கம் குவியும். எந்திரம் வேகமெடுக்கும்போது கப்பி தன் நிலைமத்தால் பின்தங்கி வழுக்குவது தெரிந்த விஷயம் என்பதால், 158.8-க்கும் 162-க்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு வழுக்கலே காரணமாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டோம். ஆனால் வழுக்கலால் வரும் வேறுபாடு இடத்துக்கு இடம் மாறவேண்டும். இங்கே தாள் முழுவதும் அது ஏறத்தாழ ஒரே 2 சதவீதமாக இருந்தது. அந்தக் கேள்வியை மூடாமல் வைத்தோம்.

இன்னொன்றும் இதனால் விளங்கியது. எனாமலில் ஒரு பழுது இருந்தால் மட்டும் சுற்றுகள் குறுக்கிணைவதில்லை. பழுதுபட்ட இடத்துக்கு எதிரே கிடக்கும் அடுத்த சுற்றின் எனாமல் முழுமையாக இருந்தால், அந்த ஒரு பூச்சே சர்ஜைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு பழுதுகள் எதிரெதிரே வந்தால்தான் ஆபத்து. சிதறிய பழுதுகளில் அது அரிது. நிராகரிக்கப்பட்ட ஸ்டேட்டர்களின் இணைப்புகளைப் பிரித்துச் சுருள் சுருளாகச் சர்ஜ் கொடுத்தபோது, ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள மூன்று சுருள்களில் நடுச்சுருளே பெரும்பாலும் பழுதாகியிருந்தது. அதே கப்பியின் வழியாகவே மூன்றும் சுற்றப்பட்டிருந்தும் சிறிய சுருளும் பெரிய சுருளும் ஏன் தப்பின என்பதற்கு விடை, சுற்று நீளத்தில் இருந்தது. நடுச்சுருளின் ஒரு சுற்று ஏறத்தாழ 648 மி.மீ.; அதாவது 162-இன் சரியான நான்கு மடங்கு. ஒரு சுற்றில் விழுந்த காயத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த சுற்றின் காயமும் வந்து படுத்தது. மற்ற இரண்டு சுருள்களில் சுற்று நீளம் மடங்காக அமையாததால் காயங்கள் ஒன்றையொன்று விலகிச் சென்றன.

வார்னிஷுக்குப் பின் எஞ்சியவை

கப்பி மாற்றப்பட்டது. வார்னிஷுக்கு முந்தைய சர்ஜ் சோதனையில் நிராகரிப்பு நின்றுவிட்டது. எந்திரத்தில் சுற்றிய கம்பியின் தொடர்ச்சிச் சோதனை எண்ணிக்கையும் ஸ்பூல் கம்பியின் அளவுக்கே இறங்கியது. ஆனால் வார்னிஷுக்குப் பிந்தைய நிராகரிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை, இப்போது அது எந்த ஒரு சுருளிலும் குவியாமல் பரவியிருந்தது. இரண்டாவதாக ஒரு காரணம் இருந்திருக்கிறது. முதலாவது அதை மறைத்துக்கொண்டிருந்தது.

இங்கே, எனாமலில் உள்ள நுண்துளைகளைக் காட்டும் ஊசித்துளைச் சோதனையைக் கையில் எடுத்தோம். இதன்படி, கம்பியை முதலில் 125 பாகை செல்சியஸ் அடுப்பில் 10 நிமிடம் வைத்து ஆறவிட வேண்டும். பிறகு 0.2 சதவீத உப்புக்கரைசலில் பினாப்தலீன் சில துளிகள் விட்டு, கம்பியை அதில் அமிழ்த்தி, 12 வோல்ட் நேர்மின் மூலத்தின் எதிர்முனையில் கம்பியை இணைத்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். செம்பு வெளியே தெரியும் இடத்தில் நீர் சிதைந்து ஹைட்ராக்சைடு உண்டாவதால், அந்தப் புள்ளியிலிருந்து மட்டும் இளஞ்சிவப்பு இழையொன்று கிளம்பும். சுருளிலிருந்து எடுத்த கம்பி இந்தச் சோதனையில் ஏறக்குறைய குறையின்றித் தேறியது. அடுப்பில் வைக்காமல் அதே சுருளின் அடுத்த துண்டை நேராகக் கரைசலில் இறக்கியபோது, கம்பியின் நீளம் முழுக்க மெல்லிய சிவப்பு இழைகள் கூட்டம் கூட்டமாக எழுந்தன.

அடுப்பு எதற்காக அந்தச் செய்முறையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாதவருக்கு இது விநோதமாகத் தோன்றும். இழுபட்ட எனாமல் படலத்துக்குள் தகைவு (உள் இறுக்கம்) தங்கியிருக்கும். அந்த நிலையில் ஆல்கஹால், கரைப்பான்கள், தண்ணீர்கூடத் தொட்டால், படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. தகைவு தளரும்படி சூடாக்கினால் வெடிப்பு வராது. வந்திருந்தாலும் படலம் மென்மையுற்று மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தற்காலிக வெடிப்புகளை உண்மையான துளைகளாக எண்ணிவிடக்கூடாது என்பதற்காகத்தான் முன்சூடு வைக்கப்பட்டிருக்கிறது. கம்பியின் தரத்தை மதிப்பிட அது நியாயமானது. நாங்கள் தேடிய பழுதை அது அழித்துவிட்டது.

சூடாக்காத துண்டில் தெரிந்த வெடிப்புகளைச் சோதனைக் கரைசலே உண்டாக்கியிருக்கலாம் என்ற எதிர்வாதம் உடனே எழும். அது சரியான எதிர்வாதம்தான். எனவே ஸ்பூல் கம்பியை நான்கு விதமாகச் சோதித்தோம்: இழுக்காமல் சூடாக்காமல், கையால் 2 சதவீதம் நீட்டி உடனே, நீட்டிய பின் சூடாக்கி, நீட்டிச் சூடாக்கிய பின் வார்னிஷ் தின்னரில் முக்கி. சிவப்பு இழைகள் எழுந்தது இரண்டாவதில் மட்டுமே. நீட்டிய கம்பியைச் சூடாக்காமல் நேராகத் தின்னரில் முக்கியபோது, கரைசலுக்கு வரும் முன்பே எனாமலின் மேற்பரப்பு மங்கிப்போனது உருப்பெருக்கியில் தெரிந்தது. ஆக, வெடிப்புக்கு இழுவையும் வேண்டும், ஈரமும் வேண்டும், இடையில் சூடு படாமலும் இருக்க வேண்டும். வார்னிஷுக்கு முன் செய்த தொடர்ச்சிச் சோதனையில் எதுவும் தெரியாததற்குக் காரணம், அந்த நேரத்தில் பழுது இன்னும் பிறந்திருக்கவில்லை.

உற்பத்தியில் கம்பி உண்மையிலேயே 2 சதவீதம் நீள்கிறதா என்பதை மின்தடை காட்டியது. ஒரு கம்பி 2 சதவீதம் நீண்டால் அதன் குறுக்குப்பரப்பு அதே விகிதத்தில் சுருங்குவதால், மீட்டருக்கு உள்ள தடையும் 2 சதவீதம் ஏறும். 0.50 மி.மீ. செம்புக்கு 20 பாகையில் அது மீட்டருக்கு 0.0871 ஓம், எதிர்பார்க்கவேண்டியது 0.0888. செம்பின் தடை ஒரு பாகைக்கு 0.39 சதவீதம் மாறும் என்பதால், 5 பாகை வேறுபாடே இந்த 2 சதவீதத்தைப் பொய்யாக உண்டாக்கிவிடும்; ஆகவே ஸ்பூல் கம்பியையும் சுருள் கம்பியையும் ஒரே மேசையில் இரவு முழுவதும் வைத்திருந்து, அடுத்தடுத்து நான்கு முனைப் பாலத்தில் அளந்தோம். வேறுபாடு 2 சதவீதத்தை ஒட்டியே வந்தது. 158.8 ஏன் 162 ஆனது என்பதற்கும் இதுவே விடை: கப்பியில் காயம்பட்ட பிறகு, கப்பிக்கும் அச்சுக்கும் இடையில் கம்பி நீண்டிருக்கிறது. மூன்று பேஸ்களும் ஒரே அளவில் நீண்டதால் பேஸ் தடைகளின் ஒப்பீட்டில் இது தெரியவில்லை. ஏற்ற இறக்க வரம்புக்குள்ளேயே அடங்கியதால் தனித்தனி அளவிலும் தெரியவில்லை.

காரணமும் எந்திரத்திலேயே கிடைத்தது. சுருள் இறுக்கமாக அமைந்தால் காடிக்குள் எளிதாகப் போகும் என்று பிரேக் முறுக்கப்பட்டிருந்தது. இழுவையைச் சமன்செய்யும் கைப்பிடியின் ஸ்பிரிங் விறைப்பான ஒன்றாக மாற்றப்பட்டிருந்தது. செவ்வக அச்சின் ஒவ்வொரு மூலையிலும் கம்பி வெடுக்கென்று இழுபடுகிறது. அந்த வெடுக்கை உள்வாங்கவேண்டிய ஸ்பிரிங் அசையாதபோது கம்பியே நீண்டு அதைத் தாங்கிக்கொள்கிறது.

மாற்றங்களும் நிறுத்திவைத்த ஸ்டேட்டர்களும்

பிரேக் தளர்த்தப்பட்டு பழைய ஸ்பிரிங் திரும்பப் பொருத்தப்பட்டது. அதைவிட விளைவு தந்தது வார்னிஷுக்கு முந்தைய முன்சூடுதான். செய்முறைத் தாளில் அது ஏற்கனவே இருந்தது. ஈரம் போக்குவதற்கு மட்டுமே என்று எல்லோரும் எண்ணியதால், வறண்ட நாட்களில் அடுப்பு நேரம் குறைக்கப்பட்டு வந்திருந்தது. அடுப்பின் காற்று 130 பாகையைக் காட்டினாலும், கனத்த இரும்புக்குள் கிடக்கும் சுருள் அந்த வெப்பத்தை எட்ட நேரமாகும். இப்போது ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு ஸ்டேட்டரின் பேஸ் தடை அடுப்பின் உள்ளேயே அளக்கப்படுகிறது. செம்புக்கு 235-உடன் வெப்பநிலையைக் கூட்டிவரும் எண் தடையோடு நேர்விகிதத்தில் மாறும் என்பதால், 25 பாகையில் இருந்த தடை 1.38 மடங்காகும்போது சுருளின் சராசரி வெப்பம் 125 பாகையை எட்டியிருக்கும். அதன் பிறகே 10 நிமிடக் கணக்கு தொடங்குகிறது.

தொடர்ச்சிச் சோதனை இனி ஸ்பூலில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு எந்திரத்திலும் சுற்றிக் கழற்றிய சுருளிலும் செய்யப்படுகிறது. பழுதுகளின் இடைவெளி தாளில் பதிவாகிறது, கப்பிகளின் சுற்றளவுப் பட்டியல் எந்திரத்தின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. சூடாக்கிய துண்டோடு சூடாக்காத துண்டையும் ஊசித்துளைச் சோதனையில் சேர்த்திருக்கிறோம். அது கம்பியை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ அல்ல, இழுவை கூடிவிட்டதா என்பதைக் கவனிக்க மட்டுமே. ஒதுக்கி வைத்த ஸ்பூல்கள் திரும்ப உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

அந்தக் காலத்தில் சுற்றப்பட்டு, இரண்டு சர்ஜ் சோதனைகளிலும் தேறிய ஸ்டேட்டர்களை என்ன செய்வது என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. வெடிப்புகளுக்குள் வார்னிஷ் புகுந்து, உலர்த்தும் அடுப்பிலேயே படலமும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது உற்பத்திப் பிரிவின் வாதம். பெரும்பாலானவற்றில் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் இன்வெர்ட்டர் ஒவ்வொரு விநாடியும் ஆயிரக்கணக்கான செங்குத்து அலைமுகங்களை அனுப்புவதால், ஒருமுறை தரும் சர்ஜைத் தாங்கியது, எங்காவது சிக்கிய காற்றுக்குமிழில் பகுதி மின்னிறக்கம் (நுண்ணிய பொறிகள்) தொடர்ந்து நடந்தால் எனாமலை மெல்ல மெல்ல அரித்துவிடும் என்ற ஐயத்தைப் போக்காது. அவை நேரடி மின்வழங்கலில் ஓடும் மோட்டார்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இன்வெர்ட்டருக்கு உரிய பெயர்த்தகடு அவற்றில் பொருத்தப்படவில்லை.